காயம் ஒருத்திக்கு, வலி ஒருத்திக்கு

இடது கணுக்காலை யாரோ பிடித்து முறுக்கினார்கள். இசக்கியம்மாள் கட்டில் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு, தொண்டை வரைக்கும் வந்துவிட்ட அலறலை விழுங்கினாள்.

அவள் காலை யாரும் தொடவில்லை. பாளையங்கோட்டை உள்விளையாட்டரங்கின் பின்பக்கம், தண்ணீர் லாரிக்கு அருகில் நிறுத்தியிருந்த வேனுக்குள் அவள் படுத்திருந்தாள். உள்ளே அவளை விட்டால் இன்னொரு ஆள் அருள்தாஸ்தான். கருவியைப் பார்த்துக்கொள்கிறவன். அவன் மடியில் வைத்திருந்த திரையில் கோடுகள் ஏறி இறங்குவதைப் பார்த்தபடி முறுக்குத் தின்றுகொண்டிருந்தான்.

"கார்னர்ல நிக்கிறவ பிடிச்சிட்டா அண்ணே," என்றாள் இசக்கி, மூச்சு வாங்க. "இப்ப கவர்ல நிக்கிறவ முதுகுல வந்து விழுவா பாருங்க."

சொல்லி வாயை மூடவில்லை. முதுகில் நெல் மூட்டையைத் தூக்கிப் போட்டதுபோல் விழுந்தது. கண்ணில் பூச்சி பறந்தது. அருள்தாஸின் திரையில் ஒரு கோடு உச்சி வரைக்கும் போய்த் திரும்பியது.

சுவருக்கு அந்தப் பக்கம், அரங்கத்தின் நீலக் கபடி விரிப்பில், உண்மையிலேயே கால் முறுக்கப்பட்ட செல்வமெர்லின் துள்ளி எழுந்தாள். இடுப்பில் செருகியிருந்த பச்சை ட்யூபை எடுத்தாள். கணுக்காலில் ஒரு தடவு தடவினாள். கேமரா கிட்டே வந்ததும் பல்லைக் காட்டிச் சிரித்தாள். கூட்டம் மொத்தமும் ஒரே குரலில் கத்தியது: "பூசு! மறந்துடு!"

நோவறு தைலத்தின் விளம்பர வாசகம் அது. மறக்க வேண்டியதையெல்லாம் ஒருத்தி வேனுக்குள் படுத்து வாங்கிக்கொண்டிருப்பது கூட்டத்துக்கு எங்கே தெரியும்?

இது எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். முன்னெல்லாம் கல்லூரிக்காகக் கபடி ஆடினால் ஒரு பனியன், ஒரு சான்றிதழ், பயிற்சி முடிந்ததும் ஒரு முட்டையும் வாழைப்பழமும். அவ்வளவுதான் வரும்படி. ஆனால் ஜெயித்த பிள்ளைகளின் படத்தை வாசலில் பெரிதாக வைத்து கல்லூரிக்காரர்கள் சேர்க்கை நடத்திக்கொள்வார்கள். இது அநியாயம் என்று மாணவர்கள் வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். படிக்கும்போதே விளம்பரத்தில் நடிக்கலாம், சட்டையில் கம்பெனி பெயரைப் போட்டுக்கொள்ளலாம், வருகிற காசு ஆடுகிறவர்களுக்கே என்று சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான், குறை சொல்ல முடியாது. நம்ம ஆட்கள் எந்த நல்லதை முழுசாக விட்டுவைத்தார்கள், அதைச் சொல்லுங்கள்.

மெர்லின் எதிரணிப் பக்கம் ரைடு போனாள் என்றால் பார்க்கிறவர்கள் நாற்காலியில் உட்கார மாட்டார்கள். அப்படி ஒரு வேகம், அப்படி ஒரு முகவெட்டு. முதலில் பனியன் கம்பெனி வந்தது, பிறகு அரிசிக் கடை, பிறகு இருசக்கர வாகனக்காரர்கள். கடைசியாக வந்ததுதான் நோவறு. அவர்கள் சார்பில் வந்தவர் கிரிதரன். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல், யாரைப் பார்த்தாலும் "சாப்பிட்டீங்களா" என்று கேட்கிற பழக்கம். அந்த மனிதர் ஒரு நாளும் யாரையும் அதட்டியதில்லை. அதட்டியிருந்தால் தப்பித்திருக்கலாம்.

இசக்கியும் மெர்லினும் பள்ளிக்கூடத்திலிருந்தே ஒரே அணி. இசக்கி கார்னர், அதாவது ஓரத்தில் நின்று ரைடு வருகிறவளின் காலைப் பிடிக்கிறவள்; மெர்லின் அவளுக்குப் பக்கத்தில் கவர். பிடிக்கிற சமயம் இரண்டு பேரும் கை கோத்துச் சங்கிலி போடுவார்கள். சங்கிலி போட்டவர்களில் ஒருத்தி கையை விட்டாலும் மற்றவள் மாட்டிக்கொள்வாள். இசக்கி விட்டதில்லை. 'இசக்கி பிடிச்சா போலீஸ் வந்தாத்தான் விடுவா' என்று மாவட்டம் பூராவும் பேச்சு. அந்தப் பேச்சில் அவளுக்கு ஒரு கர்வம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

இரண்டாம் வருஷம் ஆரம்பத்தில் அவள் வலது முட்டியில் சவ்வு கிழிந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தவள் விளையாட முடியவில்லையென்றால் இடமும் போச்சு, விடுதியும் போச்சு. பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தவளைத்தான் கிரிதரன் வந்து பார்த்தார்.

"சாப்பிட்டீங்களா?" என்று ஆரம்பித்தார். "வலின்னா என்னம்மா? அது ஒரு சேதி, அவ்வளவுதான். அடிபட்ட இடத்துல இருந்து மூளைக்குப் போற சேதி. அதை நாங்க வழியில மறிச்சு வேற ஆளுக்கு அனுப்புறோம். காயம் அவங்களுக்கு, சேதி உங்களுக்கு. உங்க உடம்புல ஒரு கீறல் விழாது."

"ஏன் சார், அதை மெஷினுக்கு அனுப்பக் கூடாதா?"

"அனுப்பிப் பார்த்தாச்சும்மா. ஏதாவது ஒரு மூளை அதை வாங்கிக்கணும். வாங்க ஆள் இல்லேன்னா திரும்பி அவங்ககிட்டயே வந்துடுது. இது முதல்ல பிரசவத்துக்காகக் கண்டுபிடிச்சது, தெரியுமா? வலியைப் புருஷன் வாங்கிக்கலாம்னு கொண்டுவந்தாங்க."

"நல்ல காரியந்தான?"

"நல்ல காரியம்தான். ஒரு புருஷனும் வரலை," என்று கிரிதரன் சிரித்தார். "கம்பெனி நஷ்டத்துல போச்சு. நாங்க வாங்கிட்டோம்."

இசக்கியின் முட்டிக்கு அறுவை சிகிச்சை, கல்லூரியில் இடம், விடுதி எல்லாம் கம்பெனி பொறுப்பு. கல்லூரிக் கணக்கில் அவள் பெயர் 'துணை வீராங்கனை.' இரண்டு நிபந்தனைகள் இருந்தன. யாரிடமும், முக்கியமாக மெர்லினிடம், சொல்லக் கூடாது. இன்னொன்று சட்டம் வைத்த நிபந்தனை. வலியைத் தாங்குகிறவரின் கைக்கெட்டும் இடத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்க வேண்டும். முடியவில்லையென்றால் எந்த நிமிஷமும் அமுக்கலாம். அமுக்கினால் வலி உரியவளிடமே போய்விடும்.

"அமுக்கினா ஒப்பந்தம் முடிஞ்சிடும். ஆனா உங்க உரிமை அது," என்று கிரிதரன் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.

இரண்டு பேருக்கும் பிடரித் தோலுக்கடியில் அரிசி மணியளவு ஒன்றை வைத்துத் தைத்தார்கள். அன்றிலிருந்து மெர்லினின் ஆட்டமே மாறிப்போனது. வலிக்காதவளுக்கு எதுக்குப் பயம்? நான்கு பேர் நிற்கிற இடத்தில் தலையைக் குனிந்துகொண்டு பாய்ந்தாள். உதடு கிழிந்து ரத்தம் சொட்டச் சொட்டச் சிரித்தாள். எதிரணிப் பெண்ணின் முழங்கை இவள் தாடையில் பட்டு, அந்தப் பெண் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், இவள் அடுத்த ரைடுக்குப் போனாள். ஒருமுறை சுண்டுவிரல் ஒடிந்தது தெரியாமலேயே முழு ஆட்டமும் ஆடினாள். வேனுக்குள் இசக்கிக்கு ஒவ்வொரு பிடியிலும் அந்த ஒடிந்த விரல் மறுபடி மறுபடி ஒடிந்தது.

பெரிய கொடுமை ஆட்டத்தில் இல்லை, படப்பிடிப்பில் இருந்தது. விளம்பரத்துக்கு மெர்லினின் கெண்டைக்காலில் ஒருவன் உருட்டுக்கட்டையால் அடிக்க வேண்டும், அவள் தைலம் பூசிவிட்டுச் சிரிக்க வேண்டும். 'பொய்யாக அடித்தால் பார்க்கிறவன் கண்டுபிடித்துவிடுவான், அவளுக்குத்தான் வலிக்காதே' என்றான் இயக்குநர். அடித்தார்கள். வெளிச்சம் சரியில்லை என்று மறுபடி அடித்தார்கள். ட்யூபில் கம்பெனி பெயர் கேமராவுக்குத் தெரியவில்லை என்று மறுபடி. அடிக்கிறவன் பின்னால் வந்துபோன காக்கை படத்தில் விழுந்துவிட்டது என்று மறுபடி. இசக்கி வேன் தரையில் உருண்டு வாந்தியெடுத்தாள். நாசமாய்ப் போன காக்கை.

"பொத்தானை அமுக்கும்மா," என்று அன்றைக்கு அருள்தாஸ்கூடச் சொன்னான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"நான் கார்னர் அண்ணே," என்றாள் இசக்கி வாயைத் துடைத்துக்கொண்டு. "பிடிச்சா விட மாட்டேன்."

அப்படியே ஒரு வருஷம் ஓடிப்போனது. விடுதியில் மெர்லின் அவளுக்குப் புரோட்டா வாங்கி வருவாள், தலை வாரிவிடுவாள். "ஏட்டி, மொகமெல்லாம் வெளிறிக் கெடக்கு, நேரத்துக்குத் தின்னுட்டி" என்று கடிந்துகொள்வாள். மெர்லினின் வலியை மெஷின் வாங்கிக்கொள்கிறது என்றுதான் அவளிடம் சொல்லியிருப்பதாக இசக்கி நம்பிக்கொண்டிருந்தாள். பாவம், ஒன்றும் தெரியாத பிள்ளை என்று அவள்மேல் இரக்கம்கூட வந்தது.

இப்போது இறுதியாட்டம். எதிரணி மதுரைப் பக்கத்துக் கல்லூரி. ஒவ்வொருத்தியும் கல் மாதிரி இருந்தாள். மெர்லினை அடக்கினால்தான் கோப்பை என்று தெரிந்து வந்தவர்கள், முதல் பாதி முழுக்க அவளைத் துவைத்து எடுத்தார்கள். இசக்கிக்கு விலா, இடுப்பு, கணுக்கால் எல்லாம் தனித்தனியாக எரிந்தன. பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை விண்ணென்று தெறித்தது. புள்ளிகள் சமமாக நின்றன.

இரண்டாம் பாதி முடியப்போகிற நேரத்தில் மெர்லின் நடுக்கோட்டைத் தொட ஒரு தலைப்பாய்ச்சல் பாய்ந்தாள். காற்றிலேயே இரண்டு பேர் சங்கிலி போட்டு அவளை மறித்துக் குப்புறச் சாய்த்தார்கள். தலை முதலில் தரையில் மோதியது, மேலே இரண்டு பேர் எடையும் விழுந்தது. அப்படியும் விரல் நுனி கோட்டைத் தொட்டுவிட்டது.

வேனுக்குள் இசக்கி கத்தவில்லை. கத்துவதற்கு மூச்சு இல்லை. கழுத்தின் அடியில் ஏதோ ஒன்று இடம்விட்டு நகர்ந்தது. அங்கிருந்து வலது தோள் வழியாக விரல் வரைக்கும் காய்ச்சிய கம்பியை நுழைத்ததுபோல் ஒரு எரிச்சல் ஓடியது. இத்தனை நாள் வாங்கிய அடிகளில் ஒன்றுகூட இப்படி இல்லை.

இதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் ஆடிய காலத்தில் சங்கரன்கோவில் போட்டியில் ஒரு பெண் இப்படித்தான் விழுந்தாள். கழுத்தைத் தேய்த்துக்கொண்டே எழுந்து, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த ரைடு போனாள். மறுபடி விழுந்தவள் இன்றுவரை எழவில்லை. அவளுக்கு இப்போது சோறு ஊட்டிவிடுகிறார்கள்.

வெளியே கூட்டம் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தியது: "பூசு! மறந்துடு!" மெர்லின் கழுத்தில் தைலம் தடவிக்கொண்டிருக்கிறாள் என்று இசக்கிக்குப் புரிந்தது. தடவுகிற விரல் பட்ட இடமெல்லாம் நரகமாக இருந்தது. உடனே பயிற்சியாளர் இடைவேளை கேட்டுவிட்டார். இடைவேளை முடிந்தால் எதிரணியின் ஒரு ரைடு, அதற்கப்புறம் மெர்லின்.

"அண்ணே, அவளை நிப்பாட்டுங்க. கழுத்து போச்சு. அடுத்தாப்ல விழுந்தா செத்துருவா."

அருள்தாஸ் கிரிதரனுக்குப் போன் போட்டு அவள் காதில் வைத்தான். பின்னால் மேளச் சத்தம் கேட்டது.

"இன்னும் ஒரே ஒரு ரைடும்மா," என்றார் கிரிதரன். "நாடு முழுக்க நேரலை. கழுத்துல பூசினதுக்கு வந்த வரவேற்பு இதுவரைக்கும் வந்ததே இல்லை. முடிஞ்சதும் நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். நீங்க சாப்பிட்டீங்களா?"

போனை வைத்துவிட்டார். இசக்கி சிவப்புப் பொத்தானைப் பார்த்தாள். ஒரு வருஷமாக வீம்பாகத் தொடாமல் இருந்த பொத்தான். வலியை இப்போது திருப்பி அனுப்பினால் மெர்லின் தன் இடத்திலேயே சுருண்டு விழுவாள். அலறுவாள், ஆனால் பிழைப்பாள். இடம் போகட்டும், விடுதி போகட்டும், சவத்த விடு என்று மனசு சொன்னது. அமுக்கினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினாள். கட்டை விரல் நகம் வெளுக்க அமுக்கிப் பிடித்தாள். கழுத்து அப்படியே எரிந்துகொண்டிருந்தது.

"அது வேலை செய்யாதும்மா," என்றான் அருள்தாஸ். "அதுக்கு ஒயரே கெடையாது. சட்டத்துல கேக்காவன்னு சும்மா வச்சது."

"ஒரு வருசமாவா?"

"எல்லா ஊர்லயும் அப்படித்தான். அமுக்கிப் பாக்கவங்க ரெண்டு தரம் மூணு தரம் அமுக்குவாங்க. அப்புறம் அவங்களே விட்ருவாங்க. நீ ஒரு நாளும் அமுக்கல. அதான் உனக்குத் தெரியல."

இசக்கி அவன் கன்னத்தில் விட்ட அறையில் முறுக்குப் பொட்டலம் பறந்தது. "நிசப் பொத்தான் எங்க?"

"பெட்டிக்குள்ள. சீட்டுக்கடியில இரும்புப் பெட்டி. சாவி சார்கிட்ட இருக்கு. உடைக்கணும்னா நேரமாகும்மா!"

இடைவேளை முடிந்த விசில் கேட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு இசக்கி குதித்தாள். கிழிந்து தைத்த முட்டி ஒரு பக்கம் இழுத்தது, மெர்லினின் கணுக்கால் இன்னொரு பக்கம் இழுத்தது. எந்தக் காலில் தன்னுடைய வலி, எந்தக் காலில் அவளுடைய வலி என்று பிரிக்க நேரமில்லை. நொண்டிக்கொண்டே ஓடினாள்.

பின்வாசலில் ஒரு காவலாளி கையை விரித்து மறித்தான். "பாஸ் எங்க?" என்று கேட்டு முடிப்பதற்குள் அவள் நெற்றி அவன் மூக்கில் இடித்தது. ரத்தம் அவள் சட்டையில் தெறித்தது. அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். இன்னொருவன் அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தான். கையோடு ஒரு கொத்து வந்ததே தவிர அவள் நிற்கவில்லை.

உள்ளே விளக்கு வெளிச்சத்தில் கண் கூசியது. எதிரணி ரைடர் வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தாள். மெர்லின் குனிந்து கோட்டைத் தொட்டு நெற்றியில் வைத்தாள், மூச்சை இழுத்தாள். வலது கை பக்கவாட்டில் வெறுமனே தொங்கியது. ஆயிரம் கேமரா இருந்து என்ன? அந்தக் கையை ஒருத்தன் பார்க்கவில்லை.

"மெர்லினு! போகாதட்டி!"

கூச்சலில் எதுவும் கேட்கவில்லை. மெர்லின் கோட்டைத் தாண்டக் காலைத் தூக்கினாள். இசக்கி விரிப்பில் பாய்ந்து பின்னாலிருந்து அவள் இடுப்பைக் கட்டிப்பிடித்தாள். காலைப் பிடித்திருந்தால் மெர்லின் முன்பக்கம் தலைகுப்புற விழுவாள், அதனால்தான் இடுப்பு. அப்படியே பின்னால் சரிந்து, தன் முதுகு தரையில் மோத, மெர்லினின் தலை தன் மார்பில் வந்து தங்கும்படி விழுந்தாள். கழுத்திலிருந்து கிளம்பிய வலி உச்சந்தலையைப் பிளந்தது. பிடியை விடவில்லை.

"எவட்டி அவ! விடுட்டி!" என்று மெர்லின் திமிறினாள். இடது முழங்கையால் பின்னால் குத்தினாள். இசக்கியின் கடைவாய்ப் பல் ஒன்று கழன்று வாய்க்குள் விழுந்தது. குத்து வாங்கிய வாயும் வலித்தது, குத்திய முழங்கையின் வலியும் அவளுக்கே வந்து சேர்ந்தது. இப்படி ஒரு சண்டை உலகத்தில் எவளுக்காவது வாய்த்திருக்குமா?

அதற்குள் காவலாளிகள் வந்துவிட்டார்கள். பொறாமை பிடித்த எவளோ நட்சத்திர வீராங்கனையைத் தாக்குகிறாள் என்று நினைத்துத் தடியைச் சுழற்றினார்கள். ஒரு அடி தோளில், ஒரு அடி இடுப்பில். மெர்லினின் வயிற்றைச் சுற்றியிருந்த அவள் முன்னங்கையைக் குறிவைத்து இறங்கிய அடியில் எலும்பு மளுக்கென்ற சத்தம் கூட்டத்தின் முதல் வரிசைக்கே கேட்டது. கூட்டம் எழுந்து நின்று, "அடி! அடி!" என்றது. சற்று முன்பு பூசு என்று கத்திய அதே வாய்கள்தான்.

"கழுத்த அசைக்காதீங்க! கழுத்து ஒடிஞ்சிருக்கு!" இசக்கி ரத்தத்தைத் துப்பித் துப்பிக் கத்தினாள். "கையப் பாருங்க! அவ கையப் பாருங்க!"

கடைசியில் பார்த்தது யார் தெரியுமா? மெர்லினை இவ்வளவு நேரம் துவைத்தெடுத்த எதிரணிக் கார்னர். அவள் கிட்டே வந்து குனிந்தாள். "சார், அடிக்காதீங்க சார்! இந்த அக்கா கை செத்துப்போய்க் கெடக்கு!"

நடுவர் மண்டியிட்டு மெர்லினின் வலது உள்ளங்கையில் தன் விரலை வைத்தார். "இதைப் பிடிம்மா," என்றார்.

மெர்லின் பிடிக்கப் பார்த்தாள். விரல் ஒன்றும் மடங்கவில்லை. அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்போதுதான் நின்றது.

அரசு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் இருவரையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டார்கள். மெர்லினின் கழுத்தைச் சுற்றிக் கெட்டியான பட்டை. மருத்துவர் அவள் தோளையும் கையையும் அழுத்தி அழுத்தி, "இங்க வலிக்குதா, இங்க?" என்று கேட்டார். அவள் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றாள். பக்கத்துக் கட்டிலில் இசக்கி ஒவ்வொன்றுக்கும் துடித்தாள். மருத்துவர் ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கே வலிக்கிறது என்று தெரியாமல் எந்த நரம்பு உயிரோடு இருக்கிறது என்று எப்படிச் சொல்வது என்று எரிச்சலோடு கேட்டுவிட்டு, எக்ஸ்ரே அறைக்கு ஏற்பாடு செய்யப் போனார்.

கொஞ்ச நேரத்தில் அருள்தாஸ் வந்தான். கையில் உடைந்த இரும்புப் பெட்டி, விரலெல்லாம் ரத்தக் கீறல். ஜாக்கிக் கம்பியால் நெம்பியிருக்கிறான்.

"கிரிதரன் சார் போனை அணைச்சிட்டாரு. ஆளையும் காணோம்," என்றான். பெட்டியை இசக்கியின் கட்டிலில், அவளுடைய ஒடியாத கைக்குப் பக்கத்தில் வைத்தான். "இது நிசமானது. இந்த மஞ்ச ஒயரப் பிடுங்கினா முடிஞ்சுது. அவங்க வலி அவங்களுக்குப் போயிரும். என்னை மன்னிச்சிரும்மா." அவள் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டான்.

இசக்கி ஒயரில் விரலை வைத்தாள். இதை எப்படி மெர்லினிடம் சொல்வது என்று வார்த்தை தேடினாள். "மெர்லினு, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். ஒன் வலிய மெஷின் வாங்கல..."

"தெரியும்," என்றாள் மெர்லின், கூரையைப் பார்த்தபடி.

"என்ன தெரியும்?"

"நீதான்னு தெரியும்ட்டி. மொத நாள்ல இருந்தே தெரியும். அவுக வேற ஊர்க்காரி ஒருத்தியத்தான் கொண்டாரதா இருந்தாவ. நாந்தான் ஒம்பேரைச் சொன்னேன். நீ பெட்டியக் கட்டிக்கிட்டு நின்ன. வேற என்ன செய்யச் சொல்லுத?"

இசக்கி அவள் பக்கம் திரும்பினாள். "தெரிஞ்சுமா நாலு பேருக்கு நடுவுல தலைய விட்ட? தெரிஞ்சுமா அந்தக் கட்டை அடிய நின்னு வாங்குன, காக்காய்க்காக ஒருக்கா, லைட்டுக்காக ஒருக்கா?"

"பொத்தான் இருக்குன்னு சொன்னாவளே!" என்றாள் மெர்லின். "முடியலன்னா நீ அமுக்குவன்னு நெனச்சேன். அமுக்கினா எனக்குத் திரும்ப வரும்லா? ஒவ்வொரு ஆட்டத்துலயும் இப்ப வரும், இப்ப வரும்னு பாப்பேன். வரவே இல்ல. சரி, தாங்குதா, பெருசா வலிக்கல போலருக்குன்னு நெனச்சுக்கிட்டேன். அப்புறம் இன்னுங் கொஞ்சம் கூட்டினேன். அப்பவும் வரல."

"நான் கார்னர்ட்டி!" இசக்கி ரத்தம் வழிகிற வாயோடு கத்தினாள். வரிசையில் இருந்த நோயாளிகள் திரும்பிப் பார்த்தார்கள். "நான் எப்பிடி விடுவேன்? இத்தன வருசம் கூட நின்னு ஆடியிருக்க, ஒனக்குத் தெரியாதா?"

மெர்லினின் கண்ணோரத்திலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது. இசக்கியின் விரல் மஞ்சள் ஒயரில் இறுகுவதை அவள் கடைக்கண்ணால் பார்த்துவிட்டாள்.

"இசக்கி, கொஞ்சம் பொறுட்டி. ஊசி போட்டதுக்கப்புறம் பிடுங்குட்டி. எனக்குப் பயமா இருக்கு. எனக்கு வலின்னா எப்பிடி இருக்கும்னே மறந்துபோச்சுட்டி."

இசக்கி அவளைப் பார்த்தாள். தலை வாரிவிட்ட கையைப் பார்த்தாள். அந்தக் கை மடங்காமல் கட்டிலுக்கு வெளியே தொங்கியது.

"இப்ப விடுதேன்," என்று சொல்லிப் பிடுங்கினாள்.

மெர்லின் அலறிய அலறலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. உடம்பு வில்லாய் வளைந்தது. வெளியே போன மருத்துவர் ஓடி வந்து, "இங்கயா? இங்கயா?" என்று அழுத்தினார். "ஆமா! ஆமா! கை எரியுது!" என்று அவள் கதறக் கதற, "எரியுதா? நல்லதும்மா, நரம்பு சாகலை," என்று அவரே கத்தினார்.

இசக்கியின் கழுத்தில் சட்டென்று ஒன்றுமில்லாமல் போனது. கணுக்கால் ஓய்ந்தது, விலா ஓய்ந்தது. அப்பாடா என்று மூச்சை விடப் போனவளுக்கு, அதுவரை கவனிக்கவே இல்லாத தன் இடது முன்னங்கை ஞாபகம் வந்தது. தடி அடித்து ஒடிந்த கை. பல் போன ஈறு. முடி பிய்ந்த மண்டைத்தோல். கிழிந்து தைத்த முட்டி. ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஒரு வருஷத்துக்கப்புறம் முதல் தடவையாக அவளும் வாயைத் திறந்து, தன் வலிக்காகத் தானே அலறினாள்.

தட்டில் ஊசியோடு ஓடி வந்த சிஸ்டர் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் திகைத்து நின்றார். கையில் இருந்தது ஒரே ஒரு ஊசிதான். இன்னொன்றை மருந்து அறையிலிருந்து எடுத்து வர வேண்டும்.

"முதல்ல யாருக்கும்மா?"

மெர்லின் கண்ணைத் திறந்து இசக்கியைப் பார்த்தாள்.

"எனக்கு," என்றாள் இசக்கி. "எனக்குப் போடுங்க சிஸ்டர்."

மெர்லின் ஆமென்று தலையாட்டப் பார்த்தாள். கழுத்துப் பட்டை விடவில்லை.